சூட்டுக்குச் சீழ் வராது

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் வேலை, வயது 29. இரண்டு வாரம் முன்பு ஆணுறை இல்லாமல் வெளியே உறவு. ஐந்தாம் நாள் சிறுநீர் எரிச்சல், உள்ளாடையில் மஞ்சள் கறை. சூடு என்று இளநீர், வெந்தயம் எடுத்தேன். மருந்துக்கடையில் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசினில் கொஞ்சம் அடங்கி, மறுபடி வந்துவிட்டது. இடையில் மனைவியோடும் இருந்தேன். இப்போது அரக்கோணத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள், அடுத்த வாரம் வருவாள். என்ன செய்வது?

பதில்: வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தால் நீர்க்கடுப்பு வரும்தான். அது நாலு செம்புத் தண்ணீரில் தணியும். சீழ் வந்தால் அது தொற்று.

உறவுக்குப் பின் 2 முதல் 5 நாளில் கெட்டியான மஞ்சள் சீழ் என்றால் பெரும்பாலும் கொனோரியா, ஊரில் வெட்டை என்பார்களே, அதுதான். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று 1 முதல் 3 வாரம் கழித்து, நீர்த்த கசிவாக வரும். இரண்டும் சேர்ந்தே தொற்றுவது சகஜம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நம் நாட்டுக் கொனோரியாக் கிருமி பெரும்பாலும் அடங்குவதில்லை. எரிச்சல் குறைந்தாலும் கிருமி உள்ளேயே இருக்கும்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவைக் கேளுங்கள். போவதற்கு முன் இரண்டு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காதீர்கள். கழித்தால் சீழும் கழுவிப் போய், ஸ்லைடில் வைக்க ஒன்றும் இருக்காது. மைக்ராஸ்கோப்பில் சீழணுக்களுக்குள்ளே காப்பிக்கொட்டை ஜோடிபோல் கிருமிகள் தெரிந்தால் கொனோரியா உறுதி.

சாம்பல் நிற மருந்துப் பொட்டலம் தருவது வழக்கம்: செஃபிக்ஸிம் 400 மி.கி., அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளை. ஊசி வேண்டுமா என்பது மருத்துவர் முடிவு. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். சீழ் நின்றதா என்று பிதுக்கிப் பார்க்காதீர்கள். அதிலேயே சிறுநீர்க் குழாய் புண்ணாகும்.

மனைவிக்கும் சிகிச்சை வேண்டும், அறிகுறி இல்லாவிட்டாலும். பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறி ஒன்றும் தெரியாது. விட்டால் கருக்குழாய் அடைபடலாம். கர்ப்பமாக இருக்கலாம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை கொடுக்கக் கூடாது. எப்படிச் சொல்வது என்று தயங்கினால் ஆலோசகரிடம் பேசுங்கள். சொல்லாமல் உங்கள் மாத்திரையைப் பங்கு போடுவது இருவருக்குமே அரைகுறை மருந்து. இருவரும் மருந்து முடித்து 7 நாள் வரை உறவு வேண்டாம். நீங்கள் மட்டும் குணமானால் அவரிடமிருந்தே திரும்ப வரும்.

அங்கேயே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், கூடவே சிஃபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும். சந்தேகத்துக்கு 1097, கட்டணமில்லை.

விரை வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.