தையல் யூனிட்டுக்கு 'எர்கோனாமிக்' நாற்காலி வாங்கலாமா?

கேள்வி: ஜாப் ஒர்க் எடுத்துச் செய்ய ஒரு சின்ன பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மிஷின்) யூனிட் தொடங்குகிறோம். நேர்த்தையல் போடும் சிங்கர் ஐந்து, துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இரண்டு, பனியன் துணியில் மடிப்புத் தைக்கும் பேட்லாக் ஒன்று வாங்கப்போகிறோம். மிஷினோடு ஸ்டூல் இலவசம் என்கிறார் கடைக்காரர். முதுகு சாயும் 'எர்கோனாமிக்' (உடம்புக்கு ஏற்றபடி வடிவமைத்த) நாற்காலி வேண்டுமென்றால் ஒன்றுக்கு 4,500 ரூபாய் கூடுதலாம். எட்டுக்கு 36,000 ஆகிறது. அவ்வளவு கொடுக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் மேஜையைப் பாருங்கள். தைக்கிறவரின் கண் ஊசி முனையில் இருக்கும், கை துணியில், கால் பெடலில். இந்த மூன்றும் எங்கே இருக்கின்றனவோ அதற்கேற்றபடிதான் முதுகு வளையும். மேஜை தாழ்வாக இருந்தால், விலை உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தும் கூன் போட்டுத்தான் தைப்பார்கள். சாய்மானம் பின்னால் சும்மா நிற்கும்.

அதனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன், உங்களிடம் வேலைக்கு வரப்போகிறவர்களில் உயரமானவர் ஒருவரையும் குள்ளமானவர் ஒருவரையும் கடைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இருவரையும் உட்கார வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தோள் தூக்காமல் கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்திலோ ஓரிரு அங்குலம் மேலேயோ மேஜை இருப்பது நல்லது. தொடை மேஜையின் அடியில் இடிக்கக் கூடாது. ஒரே உயரம் இருவருக்கும் சரிவராது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டாண்டின் காலில் போல்ட்டைத் தளர்த்தி ஏற்றி இறக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வெல்டிங் வைத்து மூடிய ஸ்டாண்டு சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பெடலும் அப்படித்தான், முன்னும் பின்னும் நகர்த்தி வைக்க முடிய வேண்டும். எட்டாத பெடலுக்காக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தைக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஐந்து நிமிட ஸ்பேனர் வேலையில் தீர்கிற வலி அது.

ஓவர்லாக் மிஷினை மேஜைக்குள் இறக்கி மாட்டித் தரச் சொல்லுங்கள். மேஜை மேல் அப்படியே வைத்தால் தைக்கும் இடம் உயர்ந்துவிடும், தோளைத் தூக்கியபடியே நாள் முழுக்கத் தைக்க வேண்டியிருக்கும். வாங்கின பிறகு மாற்றுவதென்றால் பலகையையே மாற்ற வேண்டும்.

மோட்டாரில் கிளட்ச் வேண்டாம், சர்வோ எடுங்கள். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தமும் சூடும் அதிகம், பெடலை மிதிக்கவும் பலம் வேண்டும். சர்வோ மிதித்தால்தான் ஓடும். கரண்ட் பில்லிலும் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் நாற்காலி. 'எர்கோனாமிக்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் மட்டும் எதுவும் உறுதியாகிவிடாது. எவ்வளவு தூரம் கீழே இறங்கும் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். குள்ளமானவரின் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். முன் விளிம்பு வளைந்து இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடையின் அடியில் அறுக்கும். சக்கரம் வேண்டவே வேண்டாம். பெடலை மிதிக்கும்போது நாற்காலி பின்னால் ஓடும். கைப்பிடியும் தேவையில்லை, மேஜையில் இடிக்கும். இதெல்லாம் பொருந்தினால் 36,000 நியாயமான செலவு. ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம் உட்கார வேண்டிய இடம் அது. பணம் போதாவிட்டால் ஒரு மிஷினைக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஸ்டூலில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

தைக்க வேண்டிய துணிக் கட்டை, அதாவது பண்டலை, தரையில் போடாமல், மேஜை உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு அடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 600 பீஸ் ஓடினால், தரையிலிருந்து எடுக்க 600 முறை குனிய வேண்டும்.

பில் விஷயமும் முக்கியம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவர் 'நுகர்வோர்' கணக்கில் வரமாட்டார். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கினால் விலக்கு உண்டு. எட்டு மிஷின் போட்டு ஆள் வைக்கும்போது, அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது என்று கடைக்காரர் வாதாட இடமிருக்கிறது. ஆகவே வாய்வார்த்தையை நம்பாமல் மாடல், மோட்டார் வகை, நாற்காலிக்கும் மோட்டாருக்கும் எத்தனை மாத வாரண்டி என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சிமெண்ட் கடை வைத்திருக்கிறேன். லோடுமேன்களுக்கு இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தால் முதுகுவலி வராது என்கிறார்கள். எந்த பெல்ட் நல்லது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெல்ட் வாங்க வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994இலேயே இதை ஆராய்ந்தது. நல்ல உடம்போடு இருப்பவருக்குக் காயம் வராமல் பெல்ட் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பெல்ட் போட்டிருக்கிற தைரியத்தில் கூடுதல் சுமை தூக்குவார்களோ என்ற கவலையும் அதில் உண்டு. அதே நிறுவனத்தின் கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கும் எடை 23 கிலோதான். உங்கள் மூட்டை 50 கிலோ.

அந்தப் பணத்தில் காற்றடைத்த டயர் போட்ட இரண்டு சக்கர டிராலி ஒன்று வாங்குங்கள், கடைத் தரை மேடுபள்ளமாக இருந்தாலும் உருளும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் முழங்கால் உயரத்துக்குப் பலகை போட்டு அடுக்குங்கள். லாரியிலிருந்து இறக்கும்போது மூட்டைக்கு இரண்டு பேர் பிடிக்கட்டும். அதற்கேற்பக் கூலியையும் கூட்டிக் கொடுத்துவிடுங்கள்.