தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் குடியிருக்க என்ன செலவாகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சியாங் மாயில் மாதம் எவ்வளவு ஆகும்?

எத்தனை பேர், என்ன வயது, பைக் ஓட்டுவீர்களா, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. தனி ஆள், சுமாரான காண்டோ (வீட்டுக்கு வீடு தனி உரிமையாளர் உள்ள அடுக்குமாடி) என்றால் 30,000 பாத் (தாய்லாந்து நாணயம்) வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 10,000, சாப்பாடு 9,000, மிச்சம் மற்றதுக்கு. மருத்துவக் காப்பீடு இதில் சேராது.

ஓய்வு பெற்றோர் விசாவுக்கு 8 லட்சம் பாத் கட்டிவிட வேண்டுமா?

கட்ட வேண்டாம். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் இருந்தால் போதும். வயது 50 ஆகியிருக்க வேண்டும். ஆண்டு நீட்டிப்புக்கு முன் இரண்டு மாதம், கிடைத்த பின் மூன்று மாதம் முழுத் தொகையும் கணக்கில் கிடக்க வேண்டும். அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வீட்டுச் செலவுப் பணத்தோடு இதைச் சேர்த்து எண்ணாதீர்கள்.

வாடகை வெறும் 7,000. ஆனால் ஏப்ரலில் கரண்ட் பில் 3,200 வந்துவிட்டது. மீட்டர் கோளாறா?

மீட்டரில் கோளாறு இருக்காது. ஒப்பந்தத்தில் யூனிட் விலையைப் பார்த்தீர்களா? எத்தனை முறை எழுதினாலும் இதை யாரும் பார்ப்பதில்லை. அரசு மின்வாரியக் கட்டணம் யூனிட்டுக்கு நாலு, நாலரை பாத். பல அபார்ட்மெண்டுகளில் உரிமையாளர் மின்சாரத்தை அந்த விலைக்கு வாங்கி 7, 8 பாத்துக்கு விற்கிறார். நீங்கள் 400 யூனிட் ஓட்டியிருப்பீர்கள். நேரடி இணைப்பாக இருந்தால் 1,800 பாத்தோடு முடிந்திருக்கும். 1,400 பாத் அநியாயமாகப் போகிறது. இதில் எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. ஐந்து அறையோ அதற்கு மேலோ வாடகைக்கு விடுபவர்கள் மின்சாரத்தில் லாபம் வைக்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. இருந்தும் அறிவிப்புப் பலகையில் 8 பாத் என்று வெளிப்படையாகவே எழுதி ஒட்டுகிறார்கள். புதிதாக வருகிறவர் வாடகை மலிவு என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். வாடகை ஆயிரம் கூட இருந்தாலும் மின்வாரிய பில் நேரடியாக வரும் காண்டோதான் வெயில் காலத்தில் லாபம். சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுங்கள். கையெழுத்துக்கு முன் யூனிட் விலையைக் கேளுங்கள்.

டிசம்பரில் பத்து நாள் தங்கினோம், சொர்க்கம். ஒரு வருட ஒப்பந்தம் போடலாமா?

மார்ச்சில் வந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும். மலைகளுக்கு நடுவே புகை தேங்கி நிற்கும். உலகிலேயே மோசமான காற்று உள்ள நகரங்களின் பட்டியலில் அப்போது சியாங் மாய் அடிக்கடி முதலிடத்துக்கு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் தெற்கே போய்த் தங்கும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு படுக்கையறைக்கு ஒரு ஏர் பியூரிஃபையர் கட்டாயம்.

சைவ சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளில் முட்டைகூட இருக்காது. ஒரு தட்டு 40, 50 பாத். மற்ற கடைகளில் மீன் சாஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மனை வாங்கலாமா?

வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. காண்டோ வாங்கலாம், கட்டடத்தில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவருக்கு. முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். யூனிட் விலையைப் பார்த்து!

நம் ஊர் லைசென்ஸோடு ஸ்கூட்டர் ஓட்டலாமா?

கூடாது. பைக்குக்குச் செல்லும் சர்வதேச அனுமதி அல்லது தாய் லைசென்ஸ் வேண்டும். போலீஸ் அபராதம் சின்ன விஷயம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், மருத்துவமனை பில் முழுக்க உங்கள் தலையில்.