மேட்டூர் அணையின் நீர்மட்டம்

அன்புள்ள ஐயா,

டெல்டாவில் ஒரு சிறு நகரத்தின் கேபிள் தொலைக்காட்சியில் ஆறு ஆண்டுகளாகச் செய்தி வாசிக்கிறேன். செய்தி எழுதுவது, எடிட்டிங், தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடைகளில் விளம்பரம் கேட்பது எல்லாம் நான்தான். சென்னையில் இரண்டு முறை தேர்வுக்குப் போனேன். முகம் சரி, குரலில் ஊர் வாடை அடிக்கிறது என்றார்கள். வயது 29. இன்னும் முயல்வதா, சீரியலுக்குப் போவதா, யூடியூப் தொடங்குவதா? செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளர்களும் வந்துவிட்டார்கள். மேட்டூர் அணை நீர்மட்டத்தையும் மின்தடை அறிவிப்பையும் வாசித்தே என் காலம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

ஊர் வாடை என்று சொன்னவரை மறந்துவிடுங்கள். அவருக்கும் ஓர் ஊர் இருந்திருக்கும். அதைக் கழுவிக்கொள்ள அவர் பட்ட பாட்டை உங்கள்மீது இறக்கியிருக்கிறார். சீரியலைப் பற்றி எனக்குத் தெரியாது. செய்தி வாசிப்பிலிருந்து பாத்திமா பாபு நடிப்புக்குப் போனார், நிர்மலா பெரியசாமி அரசியலுக்குப் போனார். கதவுகள் இருக்கின்றன என்பது மட்டும் தெரிகிறது. யூடியூப் தொடங்குவதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சிறிய சேனல் என்று நீங்கள் கூசுவதை மட்டும் ஏற்க மாட்டேன். திருநங்கையான பத்மினி பிரகாஷை 2014 ஆகஸ்ட் 15 அன்று செய்தி வாசிக்க அமர்த்தியது கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சி. சென்னையின் பெரிய நிலையங்களுக்குத் தோன்றாத ஒன்று ஓர் உள்ளூர் நிலையத்துக்குத் தோன்றியிருக்கிறது.

இவை கிடக்கட்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை இரண்டு நாட்களாகத் தூங்கவிடவில்லை. நீர்மட்டம் வாசிப்பது உங்களுக்குக் காலத்தைக் கழிப்பதாகவா தெரிகிறது?

என் அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை விவசாயி. முன்பு திருச்சி வானொலியிலும் பிறகு கேபிளிலும் அணை நிலவரத்தைக் கேட்டு, நாட்காட்டித் தாளின் ஓரத்தில் பென்சிலால் மூன்று எண்களைக் குறிப்பார்: மட்டம், வரத்து, திறப்பு. தாளைக் கிழித்தாலும் எறிய மாட்டார்; நூலில் கோத்து வைத்திருப்பார். அணையின் முழு மட்டமான 120 அடியும் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யும் அவருக்குப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருந்தன. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பதை அந்த மூன்று எண்களைக் கொண்டுதான் அவர் கணக்கிடுவார். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இரவுச் செய்தி முடியும் வரை யாரும் தட்டு வைத்ததில்லை.

அதில் ஓர் ஆண்டு, தாமதமாகத் திறந்த அணையில் மீண்டும் நீரைக் குறைத்திருந்தார்கள். எப்போது கூட்டுவார்கள் என்று ஊரே காத்திருந்தது. ஒரு நாள் இரவு உள்ளூர் சேனல் ஒன்றில் வாசித்தவர், அடுத்து வரவேண்டிய நகைக்கடை விளம்பரத்துக்கு வழிவிடும் அவசரத்தில், 1,200 கனஅடியைப் பன்னிரண்டாயிரம் என்று வாசித்துவிட்டார். அப்பா அந்த இரவே விதைநெல்லை ஊறப்போட்டார். காலையில் டீக்கடையில் நாளிதழைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் சாக்கை அவிழ்த்து, ஈர நெல்லைத் திண்ணையில் பரப்பினார். வீடு முழுக்கப் புளித்த வாடை. பிறகு விதைத்தபோது பாதிக்கு மேல் முளைக்கவில்லை. அந்த வாசிப்பாளரின் உச்சரிப்பில் குறையே இல்லை, க.; ழகரம் மணிபோல் ஒலிக்கும். ஆனால் அந்த எண்ணை யாரோ எழுதிக்கொள்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு முன் அதே சேனலில் ஓர் அம்மா வாசித்துக்கொண்டிருந்தார். சாதாரணக் குரல்தான். "நீர்மட்டம்" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவார், எண்ணைச் சொல்வார், பென்சில் எழுதி முடிக்கும் அளவுக்கு நிறுத்துவார், பிறகுதான் "நீர்வரத்து" என்பார். அவர் விவசாயக் குடும்பத்துப் பெண் என்று அப்பா சத்தியம் செய்வார். விசாரித்ததில் அவருடைய தந்தை தபால்காரர் என்று தெரிந்தது. அப்பா கடைசி வரை நம்பவில்லை.

2024 மே மாதத்தில் விவசாயிகளுக்கான டிடி கிசானிலேயே க்ரிஷ், பூமி என்று இரண்டு செயற்கை வாசிப்பாளர்களைக் கொண்டுவந்தார்கள். எத்தனையோ மொழிகளில் இடறாமல் வாசிப்பார்களாம். இடறாமல் வாசித்தவரால்தான் எங்கள் வீட்டு விதை போனது என்பதால், எனக்கு அதில் வியப்பும் இல்லை, அச்சமும் இல்லை.

சென்னைக்குப் போக வேண்டுமென்றால் போங்கள், நான் தடுக்கவில்லை. அங்கும் ஐப்பசி மழையில் பாபநாசம் அணை நிலவரம் உங்கள் கைக்கு வரும். அந்தப் பாபநாசம் உங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் அல்ல, தாமிரபரணிக் கரையில் இருப்பது என்று சொல்லித்தர அங்கே ஆள் இருப்பார் என்று நம்பாதீர்கள். ஆனால் போவதற்கு முன் எனக்கு ஒன்று எழுதுங்கள். 93.47 என்பதை நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்? "புள்ளி நான்கு ஏழு" என்றா, "புள்ளி நாற்பத்தேழு" என்றா? "நாற்பத்தேழு" என்றால், இன்றிரவே மாற்றிக்கொள்ளுங்கள்.