துண்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஹட்டனில் டியூசன் நடத்துகிறேன். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவள். டிசம்பரில் 18 முடிகிறது, வெளியேற வேண்டும். கொழும்பில் வீட்டு வேலை என்று ஒருவர் இப்போதே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்காவில் இப்படியான பிள்ளைகளுக்கு 21 வயதுவரை தங்க இடமும் துணைக்கு ஆளும் தருகிறார்களாம். மலையகத்திலும் ஒரு விடுதி கட்டினால் ஆட்கடத்தலைத் தடுக்கலாம் அல்லவா? நிதி திரட்ட எழுதித் தருவீர்களா?

ம., ஹட்டன்

அன்புள்ள தம்பி,

எழுதித் தருகிறேன், அது பெரிய வேலையில்லை. அமெரிக்காவிலும் எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இல்லை, சரி, அதை விடுங்கள்.

கொஞ்ச நாளாக 'துண்டு' பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் முப்பாட்டன்மார் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால், கடன் இவ்வளவு என்று எழுதிய அந்தச் சீட்டு வேண்டும். கடனைக் கட்டும் தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல் ஒழித்தார்கள். அன்று காகிதம் கட்டிப்போட்டது. இன்று காகிதம் இல்லாததே கட்டிப்போடுகிறது.

என்னோடு படித்த ஒருத்தி இல்லத்திலிருந்து ஒரு பையோடு நேராக எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தாள். ஒரே அறை, ஒரு காம்பராவில் நாங்களே ஏழு பேர். ஒன்பது நாள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், படுத்திருந்தாள். நுவரெலியாவில் கடை கடையாக ஏறினோம், எல்லாரும் அடையாள அட்டை கேட்டார்கள். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இல்லத்தில் கேட்டால் "பைலில் இருக்கும், பிறகு வா." எந்தக் காகிதமும் கேட்காத ஒரே மனிதர் தரகர்தான். வயதைக் கூட்டி எல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார், பஸ் காசு உட்பட அத்தனையையும் அவள் கணக்கில் எழுதிக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'பாஸ்போர்ட் மேடத்திடம்' என்று அதில் ஒரு வரி. அப்புறம் ஒன்றுமில்லை. பத்தாம் நாளும் இருந்துவிட்டுப் போ என்று நாங்கள் சொல்லவில்லை, தம்பி.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும். விடுதிக்குக் கணக்குப் போட்ட நீங்கள், அந்தப் பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டீர்களா? அமெரிக்காவைப் பார்த்துப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்: 18 வயதில் வெளியேறும் பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருத்துவக் குறிப்பு எல்லாம் கொடுத்தே அனுப்ப வேண்டும் என்று 2014இல் அங்கே சட்டம் போட்டார்கள். கட்டடம் அதற்குப் பிறகுதான். அதிலும் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டும் வார்டன் வேண்டவே வேண்டாம். ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்குப் போவதற்கா அவள் 18 வரை காத்திருந்தாள்? அறைச் சாவி அவளிடம் இருக்கட்டும். வேலை பறிபோனாலும் திரும்பி வந்து படுக்க இடமுண்டு என்று தெரிந்தால்தான் தரகரிடம் 'வரமாட்டேன்' என்று வாய் வரும்.

இந்த வாரமே நன்னடத்தை அதிகாரியைப் பார்த்து அவளுடைய பைலைக் கேளுங்கள். அந்த ஆள் மறுபடி வந்தால் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர்களுக்கான இலக்கம், டிசம்பருக்குப் பிறகு அவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.