சர்கோமா கேள்வி-பதில்: மாத்திரை கேட்கும் முன் அறிக்கையைப் படியுங்கள்

கே: தொடையில் கட்டி. சர்கோமாவாம். எந்த சிக்னல் பாதையை அடைக்கும் மாத்திரை நல்லது?

ப: எந்த சர்கோமா? தசை, கொழுப்பு, எலும்பு மாதிரி திசுக்களில் வரும் கேன்சர் இது, ஐம்பது வகைக்கு மேல் இருக்கிறது. பயாப்ஸி அறிக்கையில் வகை என்னவென்று பார்க்காமல் மாத்திரை கேட்டால் நான் என்ன சொல்வது? பெரும்பாலான வகைகளுக்கு முதலில் அறுவை சிகிச்சைதான்.

கே: மகனுக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1. கேன்சர் வருமா?

ப: எல்லோருக்கும் வராது. செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் என்ற சிக்னல் பாதையை அடக்கி வைக்கும் மரபணு பழுதானதால் வரும் நோய் இது. நூறில் பத்துப் பேருக்கு வாழ்நாளில் நரம்பு உறை சர்கோமா வரலாம். ஒரு கட்டி திடீரென வளர்ந்தாலோ வலித்தாலோ உடனே காட்டுங்கள்.

கே: அப்பாவுக்கு ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வரும் சர்கோமா). ஆறு மாதமாக இமாடினிப் 400 மி.கி. சாப்பிட்டும் கட்டி வளர்கிறது. டோஸைக் கூட்டலாமா?

ப: எக்ஸான் எத்தனை, அதாவது மரபணுவின் எந்தத் துண்டில் பழுது? கடிதத்தில் இல்லை. அநேகமாக அறிக்கையிலும் இருக்காது. இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. செல்லின் மேலிருந்து சிக்னலை வாங்கும் கிட் என்ற ஏற்பிப் புரதம், வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால்தான் விழிக்க வேண்டும். மரபணு மாறிவிட்டால், பொத்தான் சிக்கிக்கொண்ட அழைப்பு மணி மாதிரி யாரும் தொடாமலே அடித்துக்கொண்டிருக்கும். ராஸ், பிஐ3கே பாதைகள் வழியாகப் பெருகச் சொல்லும் உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். 1998-ல் ஜப்பானில் ஹிரோட்டா குழு இதைக் கண்டுபிடித்தது. நான்கே ஆண்டில், அந்த ஏற்பியை அடைக்கும் இமாடினிப்பை ஜிஸ்டுக்குத் தர அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பழுது எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். எக்ஸான் 11 என்றால் 400 பெரும்பாலும் போதும். எக்ஸான் 9 என்றால் 800 வரை போக வேண்டியிருக்கும். கிட் மாதிரியே இன்னொரு ஏற்பியான பிடிஜிஎஃப்ஆர்ஏ-வின் மரபணுவில் டி842வி என்ற மாற்றம் என்றால் இமாடினிப் கேட்கவே கேட்காது. அதற்கு அவாப்ரிடினிப் என்ற வேறு மாத்திரை இருக்கிறது. சோதனைச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பயனில்லாத மாத்திரையில் அரை வருடத்தைத் தொலைப்பது என்ன கணக்கு? பயாப்ஸிக்கு எடுத்துச் சேமித்த பழைய திசு பிளாக்கிலேயே சோதிக்கலாம். கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் டோஸில் கை வைக்காதீர்கள்.

கே: பரவிய ஜிஸ்ட். இப்போது ஸ்கேனில் எதுவும் இல்லை. இமாடினிப்பை நிறுத்தலாமா?

ப: கூடாது. ஆய்வில் இப்படி நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் மீண்டும் வளர்ந்தது.

கே: டெஸ்மாய்ட் கேன்சரா?

ப: இணைப்புத் திசுவில் வரும் கட்டி இது. வேறு உறுப்புக்குப் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தில் குடைச்சல் கொடுக்கும். பெரும்பாலும் பீட்டா-கேடனின் என்ற சிக்னல் புரதத்தின் மரபணுவில் பழுது. தானாகவே நின்றுவிடுவதும், சுருங்குவதும் உண்டு. அதனால் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில் வெட்டுவதில்லை. அறிக்கையில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: மஞ்சள் தூள் கேன்சரின் சிக்னல் பாதையைத் தடுக்குமாமே, வாட்ஸப்பில் வந்தது?

ப: சோதனைத் தட்டில் தடுக்கும். சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். சாம்பாரில் போடுங்கள்.

கே: இமாடினிப்பை வெறும் வயிற்றில் சாப்பிடலாமா?

ப: வேண்டாம், குமட்டும். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன்.