பூசாரி நீட்டிய நோட்டும் ஏஜெண்டு நீட்டிய தாளும்

கேள்வி: 1997இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பூசாரி நீட்டிய பெரிய நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். வேறு எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை. ஏழு மாதமாக டர்பனிலேயே ஃபீனிக்ஸில் தங்கை வீட்டில் இருக்கிறேன். வீடு மாமனார் உயிலின்படி கணவருக்கு வந்தது. பத்திரமும் அவர் பெயரில்தான். “உனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது” என்கிறார். அவர் அனுப்பிய ஏஜெண்டு ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதில் எனக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் கோடு போட்டிருக்கிறது. விவாகரத்து இல்லாமல் சட்டப்படி பிரிந்து வாழ முடியுமா? அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். போதாததற்கு நாத்தனார் தாலியைத் திருப்பிக் கேட்கிறார்.

பதில்: அம்மா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

இரண்டு சாட்சிக் கோடுகள் என்றதும் எனக்குச் சந்தேகம் வருகிறது. கூட்டுச் சொத்தாக, அதாவது கணவன் மனைவி இருவருக்கும் சேர்ந்து உரியதாக இருக்கும் வீட்டை விற்க மனைவியின் எழுத்துச் சம்மதம் தேவை. அதில் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம். உங்களிடம் வந்தது அந்தச் சம்மதமாக இருக்கலாம். பாகப் பிரிவினை உடன்பாடாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒரு நகல் வாங்கிக்கொண்டு ஏஜெண்டை அனுப்பிவிடுங்கள். நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்க அவருக்கு உரிமை இல்லை. வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்டால், சட்டத் தொழில் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து அந்தப் பெரிய நோட்டு. உங்கள் வழக்கு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. பூசாரி அரசு நியமித்த திருமண அதிகாரியாக இருந்து, கல்யாணத்தை அரசாங்கத்தில் பதிவு செய்திருந்தால் நீங்கள் சட்டப்படி மனைவி. அது கோயிலின் சொந்தக் கணக்கு நோட்டாக மட்டும் இருந்தால், ஊரே கூடி வாழ்த்தியிருந்தாலும் விவாகரத்துச் சட்டம் உங்களைத் திரும்பிப் பார்க்காது. நம் பாட்டிகள் எத்தனையோ பேர் இது தெரியாமலே வாழ்ந்து முடித்தார்கள். உள்துறை அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போய்த் திருமணச் சான்றிதழின் முழு நகலைக் கேளுங்கள். பதிவு இல்லையென்று தெரிந்தாலும் மனம் உடைய வேண்டாம். இருவரும் சேர்ந்து உழைத்துக் குடும்பம் கட்டியதைக் கூட்டாண்மையாகக் கருதி மனைவிபோல் வாழ்ந்தவருக்குப் பங்கு கொடுத்த தீர்ப்பை மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதி செய்திருக்கிறது. ஆனால் அது நீண்ட வழி; சாட்சிகள் வேண்டும்.

பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருமணத்துக்கு முன் நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதவில்லை என்கிறீர்கள். அப்படியானால் உங்களுடையது கூட்டுச் சொத்துத் திருமணம். பத்திரத்தில் யார் பெயர் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. சொத்திலும் பாதி, கடனிலும் பாதி. பரம்பரை வீடும் இந்தக் கூட்டுக்குள் வந்துவிடும், ஒரே ஒரு விலக்கு தவிர: வாரிசின் கூட்டுச் சொத்தில் இது சேரக்கூடாது என்று மாமனார் உயிலிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்படி ஒரு வரியை விவரமான வழக்கறிஞர்கள் சேர்ப்பது வழக்கம். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிய உயில்களில் பெரும்பாலும் இருக்காது. இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளை வைத்திருக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் மாமனாரின் கோப்பைக் கேட்டு உயிலின் நகலை வாங்கி, அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல் யாருக்கு என்பதை அது சொல்லும்.

சட்டப்படியான பிரிவு என்று ஒன்று இப்போது இல்லை. 1979ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. தங்கை வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தாலும், விவாகரத்து ஆகும்வரை அவர் வாங்கும் கடன் கூட்டுச் சொத்தைத்தான் தின்னும். ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது திருமணம் முறிந்ததற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். ஏழு மாதத்திலும் வழக்குப் போடலாம்.

போடவும் வேண்டும், ஏனென்றால் அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். விவாகரத்து நாளில் அவர் வேலையை விட்டிருந்தால் ஓய்வூதிய நிதியிலிருந்து எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதைத்தான் சட்டம் ஓய்வூதிய உரிமை என்கிறது. அதில் உங்களுக்குப் பங்கு உண்டு. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டால் இந்த வழி அடைபடும். பிறகு கைக்கு வந்த பணம் எங்கே போனது என்று தேடிக்கொண்டு அலைய வேண்டும். தீர்ப்பாணையில் நிதியின் பெயரும், உங்கள் பங்கை நிதியே நேரடியாகத் தர வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். வாசகம் சரியில்லை என்று ஆணையைத் திருப்பி அனுப்பிய நிதிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்குக்கு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும் என்பதில்லை. 2010 முதல் மண்டல நீதிமன்றங்களே விவாகரத்து வழக்குகளை விசாரிக்கின்றன, செலவு குறைவு. வருமானம் குறைவென்றால் அரசின் சட்ட உதவி அமைப்பை அணுகுங்கள். வருமானத்தையும் சொத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள். பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்களும் உண்டு. கைச்செலவுக்கு இப்போதே பணம் வேண்டுமா? ஜீவனாம்ச நீதிமன்றத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மூன்று மாத வங்கிக் கணக்கையும் செலவுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தாலி விஷயம். பாகம் பிரிக்கும்போது நகைப் பட்டியலில் அதன் பொன் எடை ஒரு வரியாக வரலாம். அது உங்களுக்கும் கணவருக்கும் இடையிலான கணக்கு. நாத்தனாருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. கழற்றுவதா, போட்டுக்கொள்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.