டீச்சர் பதில்கள்: விழுந்த தூதர்களுக்கு மன்னிப்பு உண்டா?

சென்ற இதழில் ‘ஃபாலன்’ என்ற அமெரிக்கக் குறுந்தொடரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தேன். பார்த்தவர்களிடமிருந்து பாராட்டும் கோபமுமாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளர்ப்புப் பெற்றோரிடம் வளரும் ஆரன் கார்பெட் என்ற பையனுக்கு 18 வயதாகிறது. தன் அப்பா வானத்திலிருந்து விழுந்த ஒரு தேவதூதன் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியவருகிறது. அவனைப் போன்ற கலப்புப் பிள்ளைகளைத் தீர்த்துக்கட்ட ஒரு தூதர் படை தேடி அலைகிறது. ஆனால் விழுந்த தூதர்களை மன்னித்து மறுபடி மேலே அனுப்பும் வல்லமை அந்தப் பையனுக்கு மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி: டீச்சர், தேவதூதர் கதை என்று நம்பி உட்கார்ந்தேன். நாய் பேசுகிறது! என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதையா சிபாரிசு செய்தீர்கள்? (செம்பூர் வாசகி)

பதில்: இதைத்தான் சிபாரிசு செய்தேன், மறுபடியும் செய்வேன். ஆரனுக்கு முதலில் கிடைப்பது சிறகோ வாளோ இல்லை. எல்லா மொழியும் புரிகிறது, அதுதான் முதல் வரம். எல்லா மொழியும் என்றால் அவன் வளர்க்கும் கேப்ரியேல் என்ற நாயின் மொழியும் அதில் சேர்த்திதானே? அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் ஆவி இறங்கியதும் சீஷர்கள் பல மொழிகளில் பேசுவதை உங்கள் மகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அந்த வரத்தைத்தான் இந்தத் தொடர் ஒரு பள்ளிக்கூடப் பையன் கையில் கொடுத்திருக்கிறது.

இந்த இடம் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று சொல்ல வேண்டும். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அலுவலகங்களில் மராத்தி, கும்பார்வாடா பக்கம் போனால் குயவர்களின் குஜராத்தி. எங்கள் பிள்ளைகள் பத்து வயதுக்குள் இத்தனையையும் சமாளிப்பார்கள். பெரியவர்களுக்கு அது முடியாது. அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் மராத்தியில் சொல்வதை அம்மாவுக்குச் சொல்வது அந்தப் பிள்ளைதான். ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் அதே பிள்ளைதான் போகும். சில நேரம் அம்மாவிடம் சொல்லக் கூடாத செய்தியையும் அந்தக் குழந்தைதான் முதலில் கேட்கும். வகுப்பில் அப்படி முகம் இறுகி உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆரனுக்கும் அதுதான் நடக்கிறது. எல்லா மொழியும் புரிந்துவிட்டதாலேயே பெரியவர்கள் காலங்காலமாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டைக்குள் அவனை இழுத்து விடுகிறார்கள். அடுத்த முறை அந்தக் காட்சியில் நாயை விட்டுவிட்டுப் பையனின் முகத்தைப் பாருங்கள். ஆரனாக நடிக்கும் பால் வெஸ்லி அங்கே மிக நன்றாகச் செய்திருக்கிறார்.

கேள்வி: முதல் பகுதி நிதானமாகப் போகிறது. அப்புறம் ஒரே ஓட்டம். முடிவில் எதுவும் மனதில் நிற்கவில்லை. (சயான் கோலிவாடா வாசகர்)

பதில்: உங்களோடு ஒத்துப்போகிறேன். முதல் பகுதி 2006 ஜூலையில் ஏபிசி ஃபேமிலி சேனலில் வந்தது. மீதி இரண்டும் 2007 ஆகஸ்டில் அடுத்தடுத்த நாள்களில் வந்தன. ஒரு வருஷம் காத்திருந்தவர்களுக்கு இரண்டே நாளில் எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டார்கள். இயக்குநரும் மாறினார். முதல் பகுதியை எடுத்தவர் மிக்கேல் சாலமன், மற்றவற்றை எடுத்தவர் கெவின் கெர்ஸ்லேக். முதல் பகுதியில் வீடு, பள்ளி, பிறந்தநாள் என்று ஒரு வாழ்க்கை தெரிகிறது. அது பறிபோகும்போது நமக்கும் வலிக்கிறது. பிறகு வருவது பெரும்பாலும் பயணமும் துரத்தலும்தான்.

கேள்வி: ஸ்தோத்திரம் டீச்சர். இதெல்லாம் வேதத்தில் இருக்கிறதா, அல்லது டிவிக்காரர்கள் கட்டியதா? சபையில் இதைப் பற்றிப் பேசலாமா? (தாராவி வாசகர்)

பதில்: தாராளமாகப் பேசலாம், ஐயா. விதை வேதத்தில் இருக்கிறது. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களைப் பாருங்கள். தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளைப் பெண் கொண்டார்கள் என்றும், அந்நாட்களில் இராட்சதர் பூமியில் இருந்தார்கள் என்றும் இருக்கும். அவ்வளவுதான், அடுத்து நோவாவின் கதைக்குப் போய்விடும். யூதா நிருபம் 6ஆம் வசனத்திலும் பேதுருவின் இரண்டாம் நிருபம் 2:4-இலும் பாவம் செய்த தூதர்கள் அந்தகாரத்தில் சங்கிலியோடு நியாயத்தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

விவரமான கதை ஏனோக்கின் புத்தகம் என்ற பழைய யூத நூலில் இருக்கிறது. அது நம் வேதாகமத்தில் இல்லை, எத்தியோப்பியத் திருச்சபை அதை வேதமாக வைத்திருக்கிறது. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் அதன் அரமேயத் துண்டுகள் கிடைத்தன. யூதா நிருபமும் 14ஆம் வசனத்தில் ஏனோக்கை எடுத்துச் சொல்கிறது. அந்தப் புத்தகத்தின்படி 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி, சபதம் எடுத்துக்கொண்டு மனுஷப் பெண்களை மணக்கிறார்கள். அசாசேல் மனிதருக்கு வாளும் கேடயமும் வளையலும் கண் மையும் செய்யக் கற்றுக்கொடுக்கிறான். தொடரில் வரும் அசாசேல் அவன்தான்.

தொடரை எழுதியவர்களின் மனதில் இருந்ததோ என்னவோ, என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வரும் பகுதி. விழுந்த தூதர்கள் வெட்கத்தில் வானத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் ஏனோக்கிடம் வந்து, எங்களுக்காக ஒரு மனு எழுதிக் கொடு என்று கெஞ்சுகிறார்கள். அவரும் எழுதிக்கொண்டு போகிறார். மனு தள்ளுபடி ஆகிறது. அவர்களுக்குச் சமாதானம் இல்லை என்ற பதிலோடு திரும்பி வருகிறார். ‘ஃபாலன்’ அந்த மனுவைத்தான் மறுபடி கையில் எடுக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதல் பகுதியில் டாம் ஸ்கெரிட் நடித்த எசேக்கியேல் என்ற முதியவர் வருகிறாரே, தான் இழந்ததை நினைத்து உருக்குலைந்து போனவர், அவரை அந்தப் பையன் மன்னித்து அனுப்பும்போது ஏனோக்கால் முடியாதது அங்கே நடக்கிறது. நான் அழுதுவிட்டேன். இது உபதேசத்துக்கு ஒத்துவருமா என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள். அவர் இல்லை என்றே சொல்வார் என்று நினைக்கிறேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்கிறவருக்குக் கதவு திறக்க வேண்டும் என்று என் மனம் சொல்கிறது.

கேள்வி: சாத்தானாகிய லூசிபரை இவ்வளவு சாதுவாகக் காட்டலாமா? (முலுண்ட் வாசகர்)

பதில்: பின்னிரண்டு பகுதிகளில் அவனாக வரும் பிரையன் கிரான்ஸ்டன் நடித்த ‘பிரேக்கிங் பேட்’ தொடர் வரத் தொடங்கியது இதற்கு அடுத்த வருஷம், 2008இல். குரலை உயர்த்தாமலே பயம் காட்ட அவருக்குத் தெரியும். கொம்பும் வாலும் வைத்துக் காட்டியிருந்தால் சிறுபிள்ளைகூட விலகி ஓடியிருக்கும். அன்பாகப் பேசுகிறவனிடமிருந்துதான் விலகத் தெரியாது. ஆகவே காட்டலாம் என்பதுதான் என் பதில்.

கேள்வி: நம்மிடம் இல்லாத கதையா? ஜய விஜயர் கதை போதாதா? (மாட்டுங்கா வாசகி)

பதில்: அருமையான கதை அது. வைகுண்டத்து வாயில்காப்போர் சனகாதி முனிவர்களைத் தடுத்து, சாபம் வாங்கி, மூன்று பிறவி பகைவராகப் பிறக்கிறார்கள்: இரணியாட்சனும் இரணியகசிபுவும், இராவணனும் கும்பகர்ணனும், சிசுபாலனும் தந்தவக்கிரனும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திரன் மகன் சயந்தனும் ஊர்வசியும் அகத்தியரின் சாபத்தால் விழுகிறார்கள். அவன் மூங்கிலாகிறான், அவள் மண்ணில் பிறக்கிறாள், அந்த மரபில் வந்தவள்தான் மாதவி.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அம்மா. நம் கதைகளில் சாபம் கொடுக்கும்போதே விமோசனமும் சொல்லிவிடுவார்கள். மூன்று பிறவி என்றால் மூன்று பிறவி, ஆடல் அரங்கில் தலைக்கோல் என்ற சிறப்பைப் பெற்றால் சாபம் நீங்கும். எவ்வளவு கொடிய பிறவியிலும் திரும்பிப் போகும் நாள் ஒன்று இருக்கிறது. எர்மோனில் இறங்கியவர்களுக்கு அப்படி ஒரு நாளே இல்லை. அந்த ஏக்கத்தை இந்தத் தொடரில்தான் நான் பார்த்தேன். நம் கதை போதாது என்பதால் இதைச் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் மார்க்கத்தில் மலக்குகள், அதாவது வானவர்கள், பாவமே செய்யமாட்டார்கள். இந்தத் தொடர் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? (நாக்பாடா வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வது சரி, பாய். அல்லாஹ்வின் கட்டளைக்கு மலக்குகள் மாறு செய்யமாட்டார்கள் என்று குர்ஆன் 66ஆம் அத்தியாயம் சொல்கிறது. ஷைத்தானாகிய இப்லீஸ் ஜின் இனத்தைச் சேர்ந்தவன் என்று 18ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆகவே இதை வேறொரு நம்பிக்கையில் பிறந்த கற்பனைக் கதை என்று எடுத்துக்கொண்டு பாருங்கள். வளர்ப்புப் பிள்ளையின் தவிப்பு எல்லாருக்கும் புரியும்.

கேள்வி: மாஹிம் மிக்கேல் கோயிலில் அதிதூதரைக் கும்பிடுகிறோம். இங்கே தூதர்களே பிள்ளைகளைக் கொல்ல வருகிறார்களே? (மாஹிம் வாசகி)

பதில்: எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. புதன்கிழமை நொவேனா ஜெபத்துக்கு எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு நிற்கும் கோயில் அது. வெளிப்படுத்தின விசேஷம் 12இல் மிகாவேல் போராடுவது வலுசர்ப்பத்தோடு. தொடரில் வருகிறவர்கள் ‘வல்லமைகள்’ என்ற வேறொரு அணி. சட்டம் காப்பதாக நம்பி இரக்கத்தை மறந்துவிட்டவர்களாகத்தான் அவர்களைக் காட்டுகிறார்கள். அவர்களோடு இருந்த கமாயேலே வெளியே வந்து பையன் பக்கம் நிற்கிறார். அவரை உங்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: டீச்சர், நாவலைப் படித்துவிட்டுப் பார்க்கவா, பார்த்துவிட்டுப் படிக்கவா? (காட்கோபர், கல்லூரி மாணவர்)

பதில்: பார்த்துவிட்டுப் படி, தம்பி. தாமஸ் ஸ்னியகோஸ்கி எழுதிய நான்கு நாவல்களை மூன்று பகுதிக்குள் அடக்கியிருக்கிறார்கள். அதனால் முதலில் படித்தால் விட்டுப்போனதையே தேடிக்கொண்டிருப்பாய். முதல் பகுதியை ஒரு சனிக்கிழமை இரவு தனியாகப் பார். மற்ற இரண்டையும் மறுநாள் சேர்த்துப் பார்த்துவிடு. பிடித்த காட்சி எது என்று எனக்கு எழுது.